பித்தளை மரை

ஜெயபாண்டி மேசை மேல் இரண்டு எல்போக்களை வைத்துவிட்டு, “நிதானமாப் பாத்து எடுங்கக்கா, ஒண்ணும் அவசரமில்ல” என்று சொல்லி கடையின் உள்பக்கம் போனார். அவசரமில்லை என்று யார் சொன்னாலும் பிரபாவதிக்கு இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது. சுவருக்குள் பைப் திரும்புகிற இடத்தில் மாட்டுகிற, கட்டைவிரல் நீளத்துக்கு வளைந்த ஒரு துண்டு. எல்போ என்றால் அவ்வளவுதான். இரண்டும் ஒரே நிறம். கையில் எடுத்தால் ஒரே கனம். இரண்டின் வாய்க்குள்ளும், குழாய்த் திருகை முறுக்கிப் பொருத்துகிற பித்தளை மரை மஞ்சளாக மின்னியது. பிளம்பர் பஷீர் பாய் கொடுத்த சீட்டில் ‘ஹீட்டர் லைனுக்கு பித்தளை மரை வச்ச எல்போ, நாலு’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. டேப் எத்தனை சுருள், பசை எந்த டப்பா என்பது வரை எழுதியவர் இதை மட்டும் ஏன் எழுதாமல் விட்டார்? எழுதியிருந்தால் நீட்டி வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் சீட்டில் இருந்தது என்று சொல்லலாம். நாளைக்கு என்ன, இன்னும் ஒன்பது வருஷம் கழித்து. இதெல்லாம் உடனே உடைகிற சாமானா? சுவருக்குள் போய், மேலே சிமென்ட் பூசி, டைல்ஸ் ஒட்டி, எல்லோரும் மறந்த பிறகு, உள்ளே இருட்டில் நாள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவள் ரத்தப் பரிசோதனை லேபில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு குப்பியிலும் பெயர், வயது, நேரம் எழுதி இரண்டு தரம் வாய்விட்டுப் படித்த பிறகுதான் தட்டில் வைப்பாள். பேர் மாறினால் ஒருத்தர் வியாதி இன்னொருத்தருக்குப் போய்விடும் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லுவாள். அந்தக் கைக்கு இரண்டு எல்போக்களில் ஒன்றை எடுக்க முடியவில்லை.

வீட்டில் உடைந்த எல்போவில் பித்தளை இல்லை. வெறும் பிளாஸ்டிக் மரை. அதை அவள் கணவர் நாகமாணிக்கம் இன்னும் வைத்திருக்கிறார், டிவி ஸ்டாண்டில், மருந்துச் சீட்டுகளுக்குப் பக்கத்தில். வீட்டுக்கு வருகிற ஆட்களிடம் எடுத்துக் காட்டுவார். “பாருங்க, இதைப் போட்டு வச்சிருக்கான் படுபாவி” என்பார். அவர் சத்தமாகப் பேசுகிறவர் இல்லை. பஸ் டெப்போவில் டைம்கீப்பர். டிரைவர்களோடு கத்திக் கத்தி அங்கேயே குரலைச் செலவழித்துவிட்டு வீட்டில் மெதுவாகப் பேசுகிறவர். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் குரல் ஏறிவிடும். ஏறாமல் என்ன செய்யும்? இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை காலை, ஹீட்டர் சூடாகி நிற்கிறது, அவர் வெந்நீர்த் திருகைத் திறக்கிறார், திருகு அப்படியே கையோடு வந்துவிடுகிறது. சுவரிலிருந்து கொதிநீர் பீறிட்டுக் கழுத்திலும் வலது தோளிலும் கையிலும். கண்ணை மூடிக்கொண்டு தாழ்ப்பாளைத் தடவியிருக்கிறார். கிடைக்கவில்லை. எவ்வளவு நேரம் இருக்கும்? பத்து எண்ணுகிற நேரமா? இருபதா? பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. தோள்பட்டை இன்னும் ரோஸ் நிறத்தில், சுருக்கம் விழுந்த தாள் மாதிரி இருக்கிறது. சட்டைக் காலர் உரசினால் எரிகிறது என்று வீட்டில் துண்டு மட்டும்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே இடது கையால் அந்த எல்போவைப் படம் எடுத்து நகர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். ‘இந்தப் பிளம்பர் சவரியப்பனை யாரும் வேலைக்குக் கூப்பிட வேண்டாம். என் உயிர் போயிருக்கும்.’ அறுபது வீட்டுக்காரர்கள் இருக்கிற குரூப். கும்பிட்ட கைகளும் கோபமான முகங்களுமாக வந்து விழுந்தன. மூன்றாவது தெருவில் பாதி வேலை நடந்துகொண்டிருந்த வீட்டில் மறுநாளே சவரியப்பனை நிறுத்திவிட்டார்களாம்.

வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பிரபாவதி திரும்பவில்லை. திரும்பாமலே முதுகால் கேட்டாள். ஸ்டாண்டு போடுகிற சத்தம், செருப்புச் சத்தம், “முக்கால் இன்ச் பைப் சேக்க ஒரு கப்ளிங் குடுங்கண்ணே” என்கிற குரல். சவரியப்பன் குரல் இல்லை. மூச்சு இறங்கியது. பிளம்பர்கள் எல்லோரும் வருகிற கடை இது. தெரிந்துதான் வந்தாள். மற்ற இரண்டு கடைகளில் சீட்டில் உள்ளது எல்லாம் கிடைக்கவில்லை, அதனால்தான் இங்கே வந்தது என்று ஸ்கூட்டரை நிறுத்தும்போதே தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யார் கேட்டார்கள் அவளை? கேட்காத கேள்விக்கு ஏன் பதில் சொல்கிறோம்? ஒருவேளை அவர் வரட்டும் என்றே வந்தாளோ? இல்லை. வந்தால் என்ன செய்வாள்? காலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இந்த எல்போக்களைச் சீக்கிரம் எடுத்துக்கொண்டு கிளம்பினால் போதும். எது? இடது கையில் இருப்பதா, வலது கையில் இருப்பதா? இடதில் பித்தளை கொஞ்சம் வெளிறி இருக்கிற மாதிரி இல்லை? வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இரண்டும் வெளிறின.

அன்றைக்கும் இதே மாதிரி கையில் வைத்துக்கொண்டுதான் சவரியப்பன் நின்றார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், புது வீட்டுப் பாத்ரூமில், செங்கல் தெரிகிற சுவருக்கு முன்னால். சிமென்ட் ஈரவாடை. நாகமாணிக்கம் டூட்டிக்குப் போயிருந்தார். வீட்டு வேலையை எல்லாம் அவள்தான் பார்த்துக்கொண்டாள். அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு. வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம், பத்திரிகை கொடுத்தாயிற்று. டைல்ஸ்காரர்கள் மறுநாள் காலை வருகிறார்கள், அவர்களை விட்டால் பிறகு பிடிக்க முடியாது. சவரியப்பன் சொன்னார்: “ம்மா, ஹீட்டர் லைன்ல பித்தளை மரை எல்போதான் போடணும். கடையில ஸ்டாக் இல்ல. திங்கக்கிழமை மதுரைலேருந்து வருதாம். ரெண்டு நாள் பொறுத்துக்கிட்டா போட்டுக் குடுத்துருவேன்.” அது அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. அவர் முழங்கையில் ஒட்டியிருந்த சிமென்ட் கூட. அவள் சொன்னதுதான் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. ‘இருக்கறதைப் போட்டு மூடிருங்கண்ணே.’ இல்லை, ‘இப்போதைக்கு இருக்கறதைப் போட்டு மூடுங்கண்ணே’ என்று சொன்னாளோ? இப்போதைக்கு. அந்த ஒரு சொல்லைச் சொன்னாளா இல்லையா? இப்போதைக்கு என்று சொல்லியிருந்தால், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பு இருந்திருக்கிறது என்று ஆகும். மறந்தது மட்டும்தான் குற்றம் என்று ஆகும். இரண்டு மாதமாக அந்தச் சொல்லைத் தேடுகிறாள். லேபில் ஊசி குத்தும்போது, பஸ் சத்தத்தில், கணவர் தோளில் மருந்து தடவும்போது. சில நாள் அது கிடைத்துவிடும், தன் குரலிலேயே தெளிவாகக் கேட்கும். உடனே சந்தேகம் வந்துவிடும், தானே இட்டுக்கட்டிக்கொண்டதோ என்று. அதற்குச் சவரியப்பன் என்ன செய்தார் என்பது மட்டும் மாறவே இல்லை. “உங்க இஷ்டம்மா” என்று சொல்லிவிட்டுக் குந்தி உட்கார்ந்து மாட்டினார்.

ஆஸ்பத்திரிக்குச் சவரியப்பன் வந்தார். அதை நினைக்காமல் இருக்கத்தான் பார்க்கிறாள், ஆனால் நினைப்பு அங்கே போய் முட்டாமல் திரும்புவதில்லை. மூன்றாம் நாள், பார்வையாளர் நேரத்தில், ஒரு பையில் சாத்துக்குடியோடு. நாகமாணிக்கம் அவரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, “யோவ், வெளிய போய்யா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்தே” என்றார். வார்டே திரும்பிப் பார்த்தது. சவரியப்பன் அவள் கணவரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். கோபமாகவும் இல்லை, கெஞ்சலாகவும் இல்லை. யாராவது பேசப்போகிறார்கள் என்றால் நாம் வாயைப் பார்ப்போமே, அந்த மாதிரி அவள் வாயைப் பார்த்தார். அவள் சலைன் பாட்டிலைப் பார்த்தாள். சொட்டுச் சரியாக விழுகிறதா என்று எண்ணினாள். பதினெட்டு வரை எண்ணினாள். திரும்பியபோது கட்டிலின் கால்மாட்டில் பை இருந்தது, ஆள் இல்லை. ஏன் அவர் சொல்லவில்லை? ‘சார், நான் சொன்னேன், உங்க வீட்டம்மாதான் கேக்கல’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒருவேளை மறந்திருப்பார். எத்தனை வீடு, எத்தனை பாத்ரூம். மறந்திருந்தால் எவ்வளவு நல்லது. மறந்திருந்தால் ஏன் வாயைப் பார்த்தார்?

“முடிவு பண்ணிட்டீங்களாக்கா?” ஜெயபாண்டி பைப் துண்டுகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். “இதுல எதுண்ணே கெட்டி?” என்று கேட்டாள். “ரெண்டுமே நல்லாப் போகுதுக்கா.” “சூடு தாங்குமா?” “தாங்கும்.” “எத்தனை வருஷம் தாங்கும்?” அவர் சிரித்தார். “அது நம்ம ஆயுசுக்குத் தாங்கும்.” அவள் சிரிக்கவில்லை. “உடைஞ்சா எப்படி உடையும்? முதல்ல கசியுமா, இல்ல ஒரேயடியா விட்ருமா?” கடைக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. அவருக்கும் விஷயம் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். “அக்கா, நீங்க பயந்து போயிருக்கீங்க. பஷீர் பாயையே வரச் சொல்லுங்க” என்றார். பஷீர் பாய் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். திங்கட்கிழமை காலை சாமானோடு வேலை ஆரம்பிக்க வேண்டும். இதைச் சொல்ல வாயெடுத்தபோது பின்னால், மிகப் பக்கத்தில், “ஜெயபாண்டி, பைப் வாயை அடைக்க ஒரு எண்ட் கேப் குடுப்பா” என்று குரல் கேட்டது. இந்தத் தடவை பைக் சத்தம் வரவில்லை. நடந்து வந்திருக்கிறார்.

அவள் திரும்பினாள், திரும்பாமல் இருக்க முடியாததால். சவரியப்பன் இளைத்திருந்தார். சட்டை அதே சட்டைதான், உள்ளே ஆள்தான் குறைந்திருந்தார். “வாங்கம்மா” என்றார், கடை அவருடையது போல. “சார் எப்படி இருக்காரு? கை தூக்க முடியுதா?” அவள் தலையாட்டினாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று கையில் இருந்த இரண்டையும் அவர் முன்னால் நீட்டினாள். “அண்ணே, இதுல எதுண்ணே?” கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. யாரிடம் போய்க் கேட்கிறோம்! அவர் ஒன்றும் நினைத்த மாதிரி தெரியவில்லை. இரண்டையும் வாங்கி, அலமாரியிலிருந்து ஒரு திருகை எடுத்து, முதல் எல்போவில் கையாலேயே முறுக்கினார். அடுத்ததில் முறுக்கினார். மறுபடி முதலாவதில், காதருகே வைத்துக்கொண்டு. “இது வேண்டாம். முறுக்க முறுக்க உள்ள பித்தளை லேசா சுத்துது பாருங்க, பிளாஸ்டிக்க சரியாப் பிடிக்கல. இத எடுங்க. பசை போட்டு ஒரு நாள் பூரா காய விடச் சொல்லுங்க. சுவரை மூடுறதுக்கு முன்னாடி தண்ணிய விட்டு ராத்திரி முழுக்க வச்சுப் பாக்கச் சொல்லுங்க.”

“அடேங்கப்பா” என்றார் ஜெயபாண்டி, எண்ட் கேப்பை மேசையில் போட்டபடி. “இப்பல்லாம் பித்தளைய காதுல வச்சுக் கேட்டு வாங்குறியே சவரி! இதை அன்னைக்கே பண்ணியிருந்தா அக்கா வீட்டுக்காரர் தோலு தப்பிச்சிருக்கும்ல?” கப்ளிங் வாங்க வந்த ஆள் சிரித்தான். சவரியப்பனும் லேசாகச் சிரித்த மாதிரி உதட்டை அசைத்தார். அந்த அசைவைப் பிரபாவதி பார்த்துவிட்டாள். சலைன் பாட்டில் எதுவும் அங்கே இல்லை. பார்ப்பதற்கு வேறு எதுவுமே இல்லை. “அவர் சொன்னாரு” என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. “அவர் சொன்னாருண்ணே. பித்தளைதான் போடணும், திங்கக்கிழமை வரைக்கும் பொறுங்கன்னு சொன்னாரு. நான்தான் கேக்கல. இருக்கறதைப் போட்டு மூடிருங்கன்னு நான்தான் சொன்னேன்.” ‘இப்போதைக்கு’ வரவில்லை. வாய் தானாக அதை விட்டுவிட்டுப் போனது, அது அங்கே எப்போதுமே இருந்ததில்லை என்பது போல.

கப்ளிங்காரன் மிச்சச் சில்லறையை வாங்காமலே போய்விட்டான். ஜெயபாண்டி எதற்கோ மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். சவரியப்பன், “விடுங்கம்மா, இங்க வச்சு எதுக்கு” என்றார். அவளால் விட முடியவில்லை. “நீங்க ஏண்ணே அன்னைக்கு ஆஸ்பத்திரில சொல்லல?” என்று கேட்டாள். அவர் எண்ட் கேப்பை உள்ளங்கையில் உருட்டினார். “என்னம்மா சொல்றது? சரியான சாமான் இல்லன்னா வேலைய நிறுத்திட்டுப் போயிருக்கணும். நீங்க சொன்னீங்கதான். மாட்டுனது என் கைதான? சார் அப்படிக் கெடக்கறதப் பாத்தா எனக்கு அதுதான் தோணுச்சு.” கொஞ்சம் நின்று, “உங்களுக்கா மனசு வந்து சொல்வீங்கன்னு ரெண்டு வாரம் பாத்தேன். பொய் சொல்லக் கூடாது, பாத்தேன். அப்புறம் விட்டுட்டேன்” என்றார்.

அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். யோசித்தால் செய்யமாட்டோம் என்று தெரிந்தது. இரண்டாவது மணியிலேயே நாகமாணிக்கம் எடுத்தார். “சாமான் கெடச்சுதா?” என்றார் மெதுவான குரலில். கடையில் சொன்னதையே, அதே வரிசையில், அவரிடம் சொன்னாள். மறுமுனையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு டிவி நின்றது. போனை வை என்று சொல்லட்டும், திட்டட்டும், ஏதாவது ஒன்று. “அவரு அங்க இருக்காரா?” என்றார். “இருக்காரு.” “குடு.” சவரியப்பன் போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். “சொல்லுங்க சார்... சரி சார்... அய்யோ அதெல்லாம் வேணாம் சார்... ம்... அது பஷீர் பிடிச்ச வேலை, அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்... சரி சார்.” அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தபோது லைன் கட்டாகியிருந்தது. “ஹீட்டர் லைனை மட்டும் நான் வந்து பண்ணணுமாம். குரூப்ல எழுதிடறேன்னாரு” என்றார். “என்னைப் பத்தி?” என்று கேட்டாள். அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். “உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லலம்மா.”

நாலு எல்போக்களும் ஸ்கூட்டர் கொக்கியில் தொங்கிய பைக்குள் ஒன்றோடொன்று மோதி ஆடின. சொன்னால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தாள். போகவில்லை. பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, பாலத்தில் ஏறி, கறிக்கடைச் சந்தில் திரும்பும்போது அது இன்னும் அடியில் போய் நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டது. சொன்னது பாதிதான். இன்னொரு பாதி இருக்கிறது. அதைச் சவரியப்பனிடம் சொல்ல வேண்டியதில்லை. நாகமாணிக்கத்திடம்தான் சொல்ல வேண்டும், சொல்லவே முடியாததும் அவரிடம்தான். இந்த ஒன்பது வருஷமும் அவள் அந்தப் பாத்ரூமில் ஒருநாள் கூட வெந்நீரில் குளித்ததில்லை. மார்கழியிலும் பச்சைத்தண்ணி. வெந்நீர் ஊற்றினால் தலைவலி வருகிறது என்று சொல்லிவைத்திருந்தாள். ‘எங்க வீட்டம்மா இரும்பு’ என்று அவர் சொந்தக்காரர்களிடம் சொல்லுவார். மறந்துபோகவில்லை, ஒருநாளும் மறக்கவில்லை. சுவருக்குள் அது இருப்பது அவளுக்குத் தெரியும். தன் உடம்பை மட்டும் தள்ளி வைத்துக்கொண்டாள். அவரிடம் சொல்லியிருக்கலாம். ‘ரெண்டு டைல்ஸை உடைச்சு மாத்திருவோம்’ என்று ஒரு வாக்கியம். சொன்னால் ஏன் அன்றைக்கே சரியாகப் போடவில்லை என்று கேட்பார். வீட்டை நீதான் கட்டினாய் என்று எல்லோரும் சொல்வதில் ஒரு கீறல் விழும். அந்தக் கீறலுக்குப் பயந்து தினமும் காலையில் அவரை உள்ளே அனுப்பினாள். பின்னால் லாரி ஹாரன் அடித்தது. ஓரம் ஒதுங்கி நின்றாள். திரும்பிப் போய்விடலாமா? எங்கே? லேபுக்கா? சனிக்கிழமை மதியம் அங்கே பூட்டியிருக்கும்.

நாகமாணிக்கம் முன் அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், தோளில் துண்டு. அவள் செருப்பைக் கழற்றியது, பையை வைத்தது, மின்விசிறியைப் போட்டது எதற்கும் அவர் நிமிரவில்லை. பிறகு, “அன்னைக்குக் காலையில ஒரு விஷயம், பிரபா. எனக்கு ரெண்டு மாசமா புரியல” என்றார். குரல் ஏறவில்லை. “மொதல்ல டப்புனு ஒரு சத்தம். தண்ணி மேல படறதுக்குள்ள, நான் வாயைத் தெறக்கறதுக்குள்ள நீ கதவத் தட்டிட்ட. ‘வெளிய வாங்க, வெளிய வாங்க’ன்னு. சமையக்கட்டுலேருந்து வரணும்னாலும் நேரமாகுமே. நீ அங்கேயே நின்னிருந்த.” இப்போதுதான் நிமிர்ந்தார். “தெனமும் நிப்பியா?”

“ஆமா” என்றாள் பிரபாவதி. “தண்ணி நிக்கற வரைக்கும்.”

“ஒம்பது வருஷமா?”

“ஆமா.”

அவர் அவளையே பார்த்தார். அந்தப் பார்வையில் மன்னிப்பு இருக்கிறதா என்று அவள் தேடினாள். இருந்த மாதிரி தெரியவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. பிறகு அவர் இடது கையால் பக்கத்து நாற்காலியில் கிடந்த துணிகளைத் தள்ளி இடம் பண்ணினார். “உக்காரு” என்றார். “எல்லாத்தையும் மொதல்லேருந்து சொல்லு.”